பழைய ஹொண்டா சி90: டைமிங் செயின் சத்தத்தைச் சரிசெய்தல்

எங்கள் வீட்டுப் பழைய ஹொண்டா சி90 மோட்டார் சைக்கிள், நிலாவெளி வீதியில் மெதுவாகச் செல்லும்போதெல்லாம் இடப்பக்கத்தில் சரசரவென்று இரைந்தது. எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தளர்ந்ததால் வந்த சத்தம் அது. எஞ்சினைத் திறக்காமலேயே அதைச் சரிசெய்த முறை இது.

முதலில் டப்பட் இடைவெளியை, அதாவது வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரெஷன் உச்சியில், அதாவது இரண்டு வால்வுகளும் மூடியபடி பிஸ்டன் மேலே வந்து ஃபிளைவீலின் 'டி' குறி நேராக நிற்கும்போது, இரண்டு வால்வுகளுக்கும் இடைவெளி 0.05 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பிறகும் சத்தம் இருந்தால், நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை சிலிண்டரின் இடப்பக்கத்தில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். டப்பட் தட்டும்; செயின் உரசும்.

அடுத்தது, இடப்பக்க அடியில் லொக் நட்டோடு இருக்கும் சிறிய போல்ட். நான் தவறியது இங்கேதான். அதை இறுக்கினால் செயினும் இறுகும் என்று நினைத்து முறுக்கியதில் மரை போய், லேத் பட்டறையில் புதிதாக மரை வெட்ட நேர்ந்தது. உண்மையில் செயினை இறுக்குவது உள்ளே தள்ளுதண்டைத் தாங்கும் ஸ்பிரிங்; இந்தப் போல்ட் அத்தண்டை நகராமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லொக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை அரைச் சுற்று மட்டும் கழற்றுங்கள். ஸ்பிரிங் தண்டைத் தள்ள, சத்தம் சட்டென்று அடங்குவதைக் கேட்கலாம். உடனே போல்ட்டை அளவாக இறுக்கி, அது திரும்பாமல் பிடித்தபடி லொக் நட்டைப் பூட்டுங்கள்.

கடலோரத்தில் ஓடும் வண்டியானால், வாடைக் காற்றின் உப்பு இந்த நட்டை இறுகப் பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். ரிங் ஸ்பானரைத் தவிர வேறெதையும் இதில் வைக்காதீர்கள்; அட்ஜஸ்டபிள் ஸ்பானர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

உப்புவெளி நண்பர் ஒருவர் இப்படியே செய்தும் இரண்டு நாளில் சத்தம் திரும்பியது. எஞ்சின் ஒயிலை வடித்து, அடியிலுள்ள, 14 மில்லிமீற்றர் ஸ்பானர் போடும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, தள்ளுதண்டின் ரப்பர் தலை குழி விழுந்து, விளிம்பு நகத்தால் கிள்ளினாலே உதிர்ந்தது. தண்டையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினோம். 'டி' குறி நேராக இருந்தும் மேல் பல்சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக வராவிட்டால், செயின் நீண்டிருக்கலாம், அல்லது பல் தாண்டியிருக்கலாம். அப்போது லொக் நட் போல்ட்டைத் தொடாமல் செயினைக் கவனியுங்கள்.