வெள்ளையெல்லாம் மழையல்ல: செயற்கைக்கோள் மேகப் படத்தைப் படிப்பது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடலின் மேகப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிடுகிறது. கரையோரம் வெள்ளையாகத் தெரிந்தால் போதும், 'கனமழை உறுதி' என்று ஒரு வரியும் ஒட்டிக்கொள்கிறது. வீணாகப் பயப்படுவதைவிட, அந்தப் படத்தை நாமே படிக்கப் பழகுவது நல்லது.

படி 1: நேரத்தைப் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் இன்சாட் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்சாட்-3டிஆர் 2016-இலும் இன்சாட்-3டிஎஸ் 2024-இலும் ஏவப்பட்டவை. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால், எந்நேரமும் நம் பகுதியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. படத்தில் உள்ள நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்: 03.00 என்றால் நமக்குக் காலை 8.30.

படி 2: அகச்சிவப்புப் படம்

வெளிச்சத்தை அல்ல, வெப்பத்தைப் பதிவதால் இரவிலும் கிடைப்பது இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். இதில் வெள்ளை என்பது குளிர்ச்சியைக் குறிக்கிறது, மழையை அல்ல. ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கடல்மட்டத்தில் 28 டிகிரி என்றால், 15 கி.மீ. உயரத்தில் மைனஸ் 70-ஐ ஒட்டி வந்துவிடும். இடிமேகத்தின் உச்சி அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டு மழையும் தராத மெல்லிய கீற்று மேகமும் அதே உயரத்தில் மிதக்கிறது. இரண்டும் வெள்ளைதான்! மாறாக, தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டித் தீர்க்கும் மேகங்கள் பல, உயரம் குறைந்தவை. அவை இந்தப் படத்தில் மங்கலான சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

படி 3: பகல் படத்தோடு ஒப்பிடுங்கள்

காலை எட்டு, எட்டரை மணிக்கு எடுத்த கட்புலப் படத்தை (வெயில் வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரிவதுபோலவே எடுத்தது) திறந்து பெரிதாக்குங்கள். வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக விழும் நேரம் அது. மழைமேகம் காலிஃபிளவர் போல் புடைத்து, மேற்குப் பக்கம் நிழல் விழுத்தி நிற்கும். கீற்று மேகமோ கோதிவிட்ட பஞ்சு போல் இருக்கும். அதனூடே கரையின் கோடுகூடத் தெரியும். இந்த ஒப்பீட்டைத் தினமும் ஐந்து நிமிடம் செய்தால், பத்து நாளில் கண் பழகிவிடும்.

படி 4: படங்களை ஓட விடுங்கள்

அரை மணிக்கு ஒன்றாக ஆறு மணி நேரப் படங்கள் போதும். புள்ளியாக முளைத்து, வட்டமாகப் பருத்துக்கொண்டே போவது இடிமேகம். ஒரே திசையில் இழுபட்டு மெலிந்து போவது கீற்று.

படி 5: மேகத்துக்குள்ளே

மேகத்தைத் துளைத்து மழைத்துளிகளை உணர நுண்ணலை (மைக்ரோவேவ்) கருவி வேண்டும். வெப்பமண்டலத்துக்கென்றே இந்தியாவும் பிரான்சும் 2011-இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் சுற்றி, ஒரே இடத்தை நாளுக்குப் பலமுறை கடந்தது. அதன் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. இப்போது அமெரிக்காவும் ஜப்பானும் 2014-இல் ஏவிய, மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளின் மழை வரைபடத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக, உங்கள் கணிப்பை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் காலை 8.30 வரையிலான மழையளவு வெளியானதும், பக்கத்திலேயே அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.