மீன் எப்போ, எங்க முட்டை போடும்? தண்ணியைப் பார்த்தே சொல்லிடலாம்

மீன் முட்டை போடுற நேரத்தை காலண்டர் வச்சு கணக்குப் போட்டா சரியா வராது, ஒரே ஏரியிலயே ஒரு வருஷம் சீக்கிரம் ஆரம்பிச்சிடும், அடுத்த வருஷம் வாரக்கணக்குல தள்ளிப் போயிடும். பகல் நீளம் மாறுறது நிறைய மீனுக்கு சினை முத்த உதவும்தான், ஆனா கடைசி நேரத்துல இறங்க வைக்கிறது தண்ணியோட சூடு, புது வெள்ளம், முட்டைக்குத் தோதான இடம், இதுதான்.

முதல்ல ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கோங்க. கரையோரம் முழங்கால் ஆழத்துல தினமும் காலைல ஒரே இடத்துல அளந்து எழுதி வைங்க. மத்தியானம் அளந்தா மேல்தண்ணி மட்டும் சூடா இருந்து ஏமாத்திடும். சாதா கெண்டை தண்ணி 18 டிகிரி தாண்டி சில நாள் நிலையா நின்னா கரைக்கு வரும். குளிர்ந்த ஓடைகள்ல வாழுற பழுப்பு ட்ரவுட் (brown trout) மீன் இதுக்கு நேர் எதிர், பகல் சுருங்கி தண்ணி குளிர ஆரம்பிச்சாதான் போடும். நடுவுல திடீர்னு குளிர் அடிச்சா ஆரம்பிச்சதும் நின்னுடும், பாஸ் (bass) மீன்ல முட்டைக்குக் காவல் இருக்கிற ஆண் கூட்டையே விட்டுட்டுப் போயிடும்.

சூடு மட்டும் போதாத மீனும் இருக்கு. கட்லா, ரோகு எல்லாம் குளத்துல நல்லா வளரும், சினையும் பிடிக்கும், ஆனா தேங்கின தண்ணியில முட்டை போடாது, ஆத்துல புது வெள்ளம் வந்து கரையோரத் தாழ்வான இடமெல்லாம் மூழ்கணும். 1957-ல இந்திய மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிங்கிற மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியோட சாறை ஊசி போட்டு முட்டை போட வச்ச பிறகுதான் இந்த மீன்களுக்கு வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்னு ஆச்சு.

இடத்தைக் கண்டுபிடிக்க, அந்த மீனோட முட்டை எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. கெண்டை முட்டை ஒட்டும், அதனால மூழ்கின புல்லு, பாசி இருக்கிற ஆழமில்லாத, வெயில் விழுற ஓரத்தைப் பாருங்க, விடியக்காலைல அங்க தண்ணி சளப்சளப்புன்னு அடிச்சா அதேதான். ஜிலேபி ஆண் மீன் அடியில தட்டு மாதிரி குழி பறிக்கும், பெண் அதுல போட்ட முட்டையை வாயிலயே வச்சு அடைகாக்கும். விரால் செடிகளுக்கு நடுவுல கொஞ்சம் இடத்தை சுத்தம் பண்ணும், முட்டை மேல மிதக்கும், பக்கத்துலயே காவல் நிக்கும்.

ட்ரவுட்டுக்கு ஓடுற தண்ணியும் கூழாங்கல்லும் வேணும். கல்லுக்குள்ள புதைச்ச முட்டைக்கு கல் இடுக்கு வழியா தண்ணி போய்த்தான் ஆக்ஸிஜன் கிடைக்கும், ஆழமான மடு முடிஞ்சு சலசலன்னு ஓட ஆரம்பிக்கிற இடம் அதுக்கு ரொம்பப் பொருத்தம். சீசனுக்கு முன்னாடியே போய் கல்லை லேசா கிளறிப் பாருங்க, சேறு புகையா கிளம்பினா இடுக்கெல்லாம் அடைச்சிருக்கு, முட்டை மூச்சு முட்டியே செத்துடும். சீசன் ஆரம்பிச்சதும் அங்க கால் வைக்கவே வைக்காதீங்க, குளிர்ல அந்த முட்டை பொரிக்க மாசக்கணக்காகும், ஒரு மிதி போதும் நசுங்க.

தண்ணி மட்டத்தையும் தினமும் பாருங்க. கெண்டை முட்டை 20 டிகிரியில பொரிக்க மூணு நாலு நாள் ஆகும், அதுக்குள்ள மதகைத் திறந்து மட்டத்தை இறக்கினா புல்லோட முட்டை மொத்தமும் வெயில்ல காயும், அப்படிக் காஞ்சு கெடந்ததை ஒரு தடவை பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறல. மதகு உங்க கையில இருந்தா கரையில சலசலப்பு பார்த்த நாள்ல இருந்து ஒரு வாரமாச்சும் மட்டத்தை அப்படியே வச்சிருங்க, குஞ்சு பொரிச்சாலும் நீந்தப் பழக கொஞ்ச நாள் வேணும்.