வாசிக்கும் பெண்ணை நகலெடுக்கும்போது

வரையப் பழகுகிறவர்களிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சுக் கோட்டோவியங்களைக் கொடுத்து நகலெடுக்கச் சொல்வது என் வழக்கம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் பெரிய அளவுப் படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஜன்னலோரம் குனிந்து படிக்கும் பெண் என்றால், புதியவர்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கை பெரிதாகிப் போவது, தலை சிறுத்துவிடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். தவிர்க்க வேண்டிய தவறுகள் இவைதான்.

புத்தகத்தில் எழுத்துப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். ஜன்னல் வெளிச்சம் முதலில் விழுவது விரித்த பக்கத்தில். அங்கிருந்து மேலே தெறித்துத்தான் தாடையின் அடிப்பகுதியும் மூக்கின் கீழ்ப்புறமும் லேசாக வெளுக்கின்றன. வெள்ளைத் தாளில் கரியால் வரையும்போது வெளிச்சத்துக்கென்று தனி நிறம் கிடையாது. தொடாமல் விட்ட தாள்தான் வெளிச்சம். அந்தப் பக்கத்தில் வரி வரியாகக் கிறுக்கினால் அது சாம்பலாகிவிடும். அப்புறம் தாடைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்?

போன வாரம் ஒரு மாணவி கழுத்துச் சாய்வை அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தார். கடைசியில், "பக்கம் காலியா இருக்கே சார்" என்று எழுத்துகளை நிரப்பினார். நான் சொன்னதும் ரப்பரை எடுத்துத் தேய்த்தார். தாளின் நார் எழும்பி, கரி அதற்குள் இறங்கிவிட்டது. விலை கூடிய பருத்தித் தாள், ஒரு மதியத்தின் உழைப்பு, இரண்டும் போயின.

டச்சு ஓவியர் யோசெஃப் இஸ்ரேல்ஸ் (1824–1911) வரைந்த மீனவர் வீட்டு அறைகளைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு ஜன்னல், சுற்றிலும் பழுப்பு இருட்டு. வெளிச்சத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறார்!

வெர்மீரைத் தேடுவது

கடிதம் படிக்கும் நீல உடைப் பெண்ணைப் பழைய டச்சு ஓவியர் வெர்மீர் தீட்டியது 1663 வாக்கில். அதற்கும் நாம் நகலெடுக்கும் படத்துக்கும் இடையில் இருநூறு ஆண்டுகள். இங்கேயும் பெண்ணின் கையில் இருப்பது காதல் கடிதமா என்று துருவாதீர்கள்.

பால் ஊற்றுவது

வான் கோ 1882இல் ஹேக் நகரில் தச்சர் பென்சிலால் வரைந்து, அதன் பளபளப்பு அடங்கப் பாலை ஊற்றினார். அவருடையது தடித்த தாள். மெல்லிய தாளில் செய்தால் சுருண்டுவிடும்.

கண்ணைத் திறப்பது

வேண்டாம். குனிந்து படிப்பவரிடம் தெரிவது இமைதான்.