‘ஐ ஃபாலோ யூ’ என்றால் பின்னாலா, கூடவா?

சிலேடை நமக்குப் புதிதில்லை. ‘வாரிக் களத்தடிக்கும் வந்தபின்பு கோட்டைபுகும்’ என்று காளமேகம் பாடியது வைக்கோலுக்கும் பொருந்தும், யானைக்கும் பொருந்தும். களம் என்பது நெற்களமாகவும் நிற்கும், போர்க்களமாகவும் நிற்கும். அவர் இரண்டையும் வேண்டுமென்றே வைத்தார். ஆங்கிலத்தில் நமக்குத் தெரியாமலே வந்து விழுகிற இரட்டைப் பொருள்தான் ஆளை அலைய வைக்கிறது.

சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இங்கே காதில் விழுவதும் ஊரில் படித்ததும் ஒரே ஆங்கிலம் என்று நினைப்பது. திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த என் நண்பர் தோ பாயோவில் ஒரு விருந்து முடிந்து டாக்சி ஏறப் போனார். உடன் வேலை செய்பவர், “ஐ ஃபாலோ யூ, கேன்?” என்று கேட்டார். வேறு டாக்சியில் பின்னால் வருவார் போல என்று நினைத்து, இவரும் “ஓகே” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்றவர் மழை நேரத்தில் வாய்ட் டெக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில், நின்றுகொண்டிருந்தார். இங்கே ‘ஃபாலோ’ என்றால் கூடவே வருவது. மலாயில் ‘இக்குட்’ என்ற ஒரே சொல் பின்தொடர்வதையும் குறிக்கும், உடன் செல்வதையும் குறிக்கும். அந்த வழக்கம் இங்குள்ள ஆங்கிலத்திலும் படிந்திருக்கிறது. ‘லாஸ்ட் டைம்’ என்பதும் அப்படித்தான். போன தடவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் ‘முன்னெல்லாம்’ என்றுதான் அர்த்தம்.

சரி, சுத்தமான ஆங்கிலம் பேசினால் தப்பித்துவிடலாமா? அதுவும் இல்லை. ‘டேபிள்’ பண்ணுவது என்றால் பிரிட்டிஷ்காரருக்கு விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்கு ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் வெகுநேரம் சண்டை போட்டதையும், பிறகுதான் இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று புரிந்ததையும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தலைமையகம் உள்ள அலுவலகங்களில் இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம் என்பேன்.

‘பைவீக்லி’ இன்னும் மோசம். வாரம் இரண்டு தடவை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று இரு பொருளையும் அகராதிகளே தருகின்றன. நம் பத்திரிகைகள் அட்டையில் ‘மாதமிருமுறை’ என்று எவ்வளவு தெளிவாகப் போடுகின்றன! ஆங்கிலத்திலும் அதுபோல விரித்து எழுதுங்கள், நீளமானால் ஆகட்டும்.

அப்புறம், தேதி. புதன்கிழமை நின்றுகொண்டு ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ என்றால் ஒருவர் இரண்டு நாள் கழித்து வருவார், இன்னொருவர் ஒன்பது நாள் கழித்து வருவார். 5/6 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. நான் இப்போதெல்லாம் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, பக்கத்தில் கிழமையும் போட்டுவிட்டுத்தான் மெசேஜ் அனுப்புகிறேன்.