ஈயம் போடாமல் பிவிசி எல்போ (குழாய் வளைவு) அடிக்கும்போது மால் (பிவிசிக் கலவை) கருகாமல் இருக்க

பிவிசி சூட்டில் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசராக ஈயப் பவுடரைப் போட்டு ஓடிய மெஷினில், அதற்குப் பதில் கால்சியம்-ஜிங்க் ஸ்டெபிலைசரை அதே அளவுக்குத் தட்டிவிட்டு, செட்டிங்கைத் தொடாமல் ஓட்டினால் முதல் சில மணி நேரம் பிரச்சினை தெரியாது. ஈயத்தைவிட வெள்ளையாகவே வரும். மோல்டில் பீஸ் சிக்கி மெஷின் ஏழெட்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப ஓடும்போதுதான் கறுப்புக் கோடு போட்ட எல்போ விழும். உடனே பழி ஸ்டெபிலைசர் மேல் போகும். பெரும்பாலும் தவறு அதில் இல்லை.

சூடேறும் பிவிசியிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகப் பிரிகிறது. அந்த ஆவி அங்கேயே தங்கினால் சிதைவை இன்னும் விரட்டும். மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு என்று நிறம் ஏறுவது அதனால்தான். ஈயம் இந்த அமிலத்தைப் பிடித்தால் உண்டாகும் லெட் குளோரைடு பிவிசியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆகவே நிறம் மெதுவாக மாறும், எச்சரிக்கை கிடைக்கும். ஜிங்க் அப்படியில்லை. ஆரம்பத்தில் வேகமாக வேலை செய்து வெண்மையைக் காக்கும், ஆனால் உண்டாகும் ஜிங்க் குளோரைடே பிவிசியைத் தின்னும். அதிலிருந்து குளோரினை வாங்கிக்கொள்வது கால்சியத்தின் வேலை. கால்சியம் தீர்ந்ததும் மால் திடீரென்று கறுத்துவிடும். கறுத்தது வெள்ளையாகட்டும் என்று தனியாக ஜிங்க் ஸ்டியரேட் சேர்ப்பவர்கள் உண்டு. அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவது.

பழைய ஈயத்துக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிவிசி குழாய், பிட்டிங்குகளில் ஈய ஸ்டெபிலைசருக்கென்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-லேயே தனி விதிகள் கொண்டுவந்துவிட்டது. மிக்சர் பக்கத்தில் நிற்பவரின் மூச்சிலும் சோற்றுக் கையிலும் ஏறும் ஈயத்தூசி அதைவிடப் பெரிய காரணம்.

50 கிலோ ரெசினுக்கு (பிவிசித் தூளுக்கு) தொடங்க ஏற்ற கணக்கு: கே மதிப்பு (மூலக்கூறின் நீளத்தைக் காட்டும் எண்) 57 உள்ள ரெசின் 50 கிலோ, கால்சியம்-ஜிங்க் ஒன்-பேக் 2 கிலோ, கோட்டிங் செய்த கால்சியம் கார்பனேட் 2 கிலோ, பிராசசிங் எய்டு (மால் சீராக உருக உதவுவது) 600 கிராம், டைட்டானியம் டை ஆக்சைடு 500 கிராம். கே 67 பைப் ரெசின் விலை குறைவாகக் கிடைத்தாலும் பிட்டிங்குக்கு வேண்டாம். அது உருகி ஓட அதிகச் சூடும் அழுத்தமும் கேட்கும், அங்கேயே பாதி கருகல் தொடங்குகிறது. ஒன்-பேக்கில் வாக்ஸும் ஸ்டியரேட்டும் ஏற்கெனவே இருக்கும். பழைய பழக்கத்தில் ஸ்டியரிக் ஆசிட்டை மேலே போட்டால் உருகிய மால் இரண்டு பக்கமாக வந்து சேரும் வெல்ட் லைன் ஒட்டாது, மோல்டில் படிவும் சேரும்.

ஹாட் மிக்சரில் ரெசினோடு 60 டிகிரியில் ஒன்-பேக், 90-ல் பவுடர்கள், 115 முதல் 120-க்குள் கூலருக்கு இறக்கிவிட வேண்டும். 45 டிகிரிக்குக் கீழே வந்தபின் மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டியாகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்வதால் இதை இரண்டு சீசனிலும் கவனிக்க வேண்டியிருக்கும். திறந்த ஸ்டெபிலைசர் பையை அப்படியே வைக்காதீர்கள். ஈரம் ஏறிய மால் வெள்ளிக் கோடாகப் பீஸில் தெரியும்.

மெஷினுக்கு வருவோம். மாலை உருக்கும் உருளையான பேரலின் பின் மண்டலம் 155, நடு 170, முன் 180, நாசில் 185 டிகிரியில் தொடங்குங்கள். உருகிய மாலில் நீடில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் 200-ஐத் தாண்டக்கூடாது. பேனலில் 180 காட்டும்போதே உள்ளே 205 இருக்கலாம், ஏனென்றால் ஸ்க்ரூ உரசும் சூடு ஹீட்டரில் தெரியாது. 40 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள். ஸ்க்ரூ பின்வாங்கும்போது எதிர்த்து நிற்கும் பேக் பிரஷர் 5 முதல் 10 பார் போதும். ஸ்க்ரூ முனையில் மால் பின்னுக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் ரிங் இருந்தால் மால் அதன் இடுக்கில் தங்கிக் கருகும். கெட்டி பிவிசிக்கு ரிங் இல்லாத மொட்டை முனைதான் சரி.

பேரலில் மால் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கணக்குப் போடுங்கள். பேரல் கொள்வது 800 கிராம், ஒரு ஷாட் (ஒரு தடவை மோல்டுக்குள் தள்ளும் மால்) ரன்னரோடு (வரும் வழியில் உறைவதோடு) 160 கிராம், ஒரு தடவை அடிக்கும் சைக்கிள் 40 நொடி என்றால் 800-ஐ 160-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்க, 200 நொடி. 5 நிமிடத்துக்குள் இருப்பதால் தப்பித்தது. அதே மெஷினில் 60 கிராம் ஷாட் அடித்தால் ஒன்பது நிமிடம் ஆகிவிடும். எந்த ஸ்டெபிலைசரும் அதைத் தாங்காது, சின்ன மெஷினுக்கு மாற்றுவதுதான் வழி.

கருகலின் இடம் பார்த்தாலே காரணம் பாதி தெரியும். மால் அச்சுக்குள் நுழையும் வாயான கேட்டிலிருந்து விசிறிபோல் பழுப்புக் கோடு வந்தால் இன்ஜெக்‌ஷன் வேகம் அதிகம் அல்லது கேட் சிறியது. கடைசியாக நிரம்பும் மூலையில் கறுத்தால் அடைபட்ட காற்று எரிகிறது, அங்கே காற்று வெளியேற 0.02 மில்லிமீட்டர் ஆழ வென்ட் வெட்டுங்கள். அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்தால் நாசிலைக் கழற்றி அடாப்டர் சேரும் இடத்தில் படிந்த கரியைச் சுரண்டுங்கள். பீஸ் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தால் மட்டும் ஸ்டெபிலைசரின் அளவைச் சந்தேகிக்கலாம்.

மழைக்காற்றில் கரண்ட் போகும் நாட்களுக்கு ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வந்ததும் முதலில் நாசிலை மோல்டிலிருந்து பின்னுக்கு இழுத்து, ஹீட்டரை அணைத்து, பேரலில் இருப்பதை வெளியே தள்ளுங்கள். நாசில் முன்னால் நிற்காதீர்கள், உள்ளே சேர்ந்த ஆவி உருகிய மாலைப் பீய்ச்சிவிடும். தள்ளிய கட்டி தண்ணீர் வாளிக்குள் போகட்டும். ஷிப்டு முடிவில் பாலிஎத்திலீன் விட்டு பேரலைச் சுத்தம் செய்யுங்கள். அசிட்டால் என்ற வேறொரு பிளாஸ்டிக் ஓடிய மெஷினில் பிவிசியையோ, பிவிசி ஓடிய மெஷினில் அசிட்டாலையோ நேராகப் போடக்கூடாது. இரண்டும் சூட்டில் சேர்ந்தால் வாயு பொங்கி வெடிக்கலாம்.

அமில ஆவியும் கடற்காற்றும் மோல்டு ஸ்டீலைச் சேர்ந்தே அரிக்கும். மோல்டு தண்ணீர் அதிகம் குளிர்ந்தால் மேலே வியர்வை பூத்து அரிப்பு வேகமாகும். ராத்திரி நிறுத்தும்போது ஆப்பச்சோடா கரைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, துருத் தடுப்பு ஸ்பிரே அடியுங்கள்.

அரைத்த கழிவில் சொந்த ரன்னரை மட்டும் 10 முதல் 15 சதவீதம் சேர்க்கலாம். அதில் ஸ்டெபிலைசர் ஏற்கெனவே பாதி செலவாகியிருக்கும். வெளியில் வாங்கும் பழைய பைப் அரைவையில் ஈயம் இருந்தால் உங்கள் பிட்டிங்கிலும் ஈயம் வந்துவிடும். அதில் சல்பர் உள்ள டின் ஸ்டெபிலைசர் மாலும் கலந்திருந்தால் ஈயமும் சல்பரும் சேர்ந்து பீஸ் சாம்பல் கறுப்பாகும்.

புது லாட் ஸ்டெபிலைசர் வந்ததும் மெஷினில் ஏற்றும் முன் சோதியுங்கள். பழைய லாட், புது லாட் இரண்டிலும் ஒரே கனத்தில் அடித்த ஸ்ப்ரூவிலிருந்து (நாசில் வாயருகே உறையும் தண்டிலிருந்து) காசளவுக்குப் பத்துத் துண்டுகள் வெட்டி, அலுமினியத் தாளில் பரப்பி, 190 டிகிரி ஓவனில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து, நேரம் எழுதிய அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். புது வரிசை பழையதைவிட இரண்டு துண்டு முந்திக் கறுத்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.