மலையேற்றத் தொழிலை மறுபடி திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா ஊரடங்கு போன்ற நீண்ட தடை தளர்ந்ததும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வரத் தொடங்கிவிடும். ஏலகிரி போகலாமா, ஜவ்வாது மலையில் டென்ட் கிடைக்குமா என்று கேட்பார்கள். அந்த அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, "தொடாத சாமான்தானே, புதுசு மாதிரி இருக்கும்" என்று நம்புவது. சும்மா கிடப்பதாலேயே கெட்டுப்போகும் பொருட்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

வாடகை ஷூக்களை முதலில் பாருங்கள். பலவற்றில் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன். பெட்டியிலேயே கிடந்தாலும் காற்றின் ஈரம் பட்டு அது உள்ளுக்குள் நொறுங்கும். மேலே பளபளப்பு குறையாது. ஏலகிரியின் சுவாமிமலைச் சிகர ஏற்றத்தில் பாதி வழியில்தான் அடி கழன்று வாய் பிளக்கும். அந்த அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஷூவை நன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் கழித்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டிப் பயனில்லை. கெட்டது அந்த அடுக்கேதான்.

பாறை ஏற்றக் கயிறும், இடுப்பில் கட்டும் ஹார்னஸும் ஒருமுறைகூடப் பயன்படாவிட்டாலும், தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வண்டி பேட்டரி வைத்த அறையிலேயே கயிறும் கிடந்ததா? அப்படியானால் வயது பார்க்காமல் தள்ளிவிடுங்கள். அமிலம் பட்ட நைலான் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஆள் தொங்கும்போது அறும். டார்ச்சில் விட்டுவைத்த பேட்டரி கசிந்திருக்கும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்துகளை எடுத்துவிடுங்கள்.

தங்கும் விடுதியில் தண்ணீர் பெரிய விஷயம். மாதக்கணக்கில் தேங்கிய தொட்டியிலும் குழாயிலும் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி வளரலாம். குடிக்கவே வேண்டாம், ஷவரில் தெறிக்கும் நுண்துளியைச் சுவாசித்தாலே போதும். பழைய தண்ணீரை வடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, கசடு அடங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் வடித்து, வாடை போகும்வரை அலசுங்கள். அந்தத் தண்ணீரை ஓடையில் விடாதீர்கள், மீன் செத்துவிடும். திறந்து பல மாதமான பிளீச்சிங் பவுடரில் வீரியம் இருக்காது.

வேன் ஸ்டார்ட் ஆனால் போதும் என்று கிளம்பாதீர்கள். ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் ஆயில் நாளாக நாளாக ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கையில் சூடேறி அந்த ஈரம் ஆவியாகும். பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் முழுதாக மாற்றுங்கள், டிரம்மைக் கழற்றித் துரு பாருங்கள். எஃப்சி எனும் வண்டித் தகுதிச் சான்றுக்கும் பெர்மிட்டுக்கும் கொரோனா காலத்தில் அரசு கொடுத்த அவகாசம் 2021 அக்டோபர் 31-ஓடு முடிந்துவிட்டது. இன்சூரன்சுக்கு அது பொருந்தவும் இல்லை.

பழைய அனுமதிக் கடிதத்தை நம்பி ஆள் சேர்ப்பது இன்னொரு தவறு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஏலகிரியும் ஜலகாம்பாறையும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், அமிர்தி வேலூர், ஜமுனாமரத்தூரும் பீமன் அருவியும் திருவண்ணாமலை. ஜவ்வாது மலையில் ஒரே நடைப்பாதை இரண்டு வனக்கோட்டத்தைத் தொட்டால் இரண்டு இடத்திலும் கேளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் போன உயிர்களுக்குப் பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பாதையும் பழைய பாதையாக இருக்காது. ஆள் நடமாட்டம் நின்றதில் உண்ணிச்செடி மூடியிருக்கும், பாறை இடுக்கில் மலைத்தேனீ புதிதாக அடை வைத்திருக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது போன்ற மழைக்குப் பிறகு, ஓடை கடக்கும் இடங்களை மறுபடி பார்க்காமல் ஆள் இறக்குவது ஆபத்து. மலையூர் வழிகாட்டியோடு ஒருமுறை முழுதாக நடந்து வாருங்கள். அந்த நாளுக்கும் முழுக் கூலி கொடுங்கள். வேலை இல்லாமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வருபவர்களுக்கும் நடைப்பழக்கம் விட்டிருக்கும். பழைய நேரக் கணக்கு ஒத்துவராது, ஒன்றரை மடங்கு வையுங்கள். கொரோனா வந்து தேறியவர்களுக்கு நெஞ்சுவலியோ, படியேறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் மருத்துவர் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். காலை 6 மணிக்கு நடை தொடங்கட்டும், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். 2020 மார்ச்சில் கொரோனாவால் ரத்தான குழுக்களின் முன்பணம் பலரிடம் திருப்பித் தரப்படாமல் நின்றது. புதுக் குழுவின் முன்பணத்தை எடுத்து அப்படிப்பட்ட பழைய பாக்கியை அடைத்தால், இன்னொரு தடை வந்த அன்று இரண்டு தரப்புக்கும் கடன்காரர் ஆவீர்கள். பழையவர்களுக்கு இப்போதே எழுதுங்கள்: பணம் வேண்டுமா, வேறு தேதி வேண்டுமா என்று. பதில் வந்த பிறகு புதுத் தேதிகளை அறிவியுங்கள்.