ஆஸ்கர் ஜெயிப்பது யார்? கேரம் போர்டை வைத்து நான் கற்றுக்கொண்ட கணிப்பு முறை

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் கேரம் மன்றம் இருக்கிறது. 2017இல் இருந்து வருஷா வருஷம் ஆஸ்கர் விழாவுக்கு முன்னால் நாங்கள் பன்னிரண்டு பேர் கணிப்புச் சீட்டு எழுதுகிறோம். யாருடைய சீட்டில் சரியான பெயர்கள் குறைவோ, அவர்தான் அன்றைய மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் வருஷம் கட்டியது நான். கடைசி மூன்று வருஷமும் முதல் இடமும் நான்தான். எப்படி என்று மன்றத்துத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதல் படி: நோட்டு

ஒரு 40 பக்க நோட்டு போதும். பக்கத்தில் நான்கு பத்தி போடுங்கள்: அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம், பிரிட்டனின் பாஃப்டா. ஆஸ்கருக்கு முந்தைய வாரங்களில் இந்த விருதுகள் ஒவ்வொன்றாக வரும். வர வர எழுதிக்கொள்ளுங்கள்.

கோல்டன் குளோபுக்கு நான் பத்தி போடுவதில்லை. அதில் வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள். ஆஸ்கரில் வாக்களிப்பவர்கள் சினிமாவில் வேலை செய்கிறவர்கள். சங்கங்களிலும் பாஃப்டாவிலும் இருக்கிற பலருக்கு ஆஸ்கர் வாக்கும் உண்டு. எந்தப் படம் நல்ல படம் என்று யோசிப்பதை விட்டு, யார் வாக்குப் போடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் என் சீட்டு தேறியது.

கணிப்பு இணையதளங்களைக் கடைசி நாள் வரை திறக்காதீர்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் அவர்கள் சொன்னதைத்தான் நீங்களும் எழுதுவீர்கள், எதற்காக எழுதினோம் என்பது தெரியாது.

இரண்டாம் படி: இயக்குநர்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. 1948இல் தொடங்கிய இயக்குநர் சங்க விருதும் ஆஸ்கரும் 2025 வரை எட்டே முறைதான் ஒத்துப்போகவில்லை. அதில் ஒன்று 2020. சங்கம் சாம் மென்டிஸுக்குக் கொடுத்தது, ஆஸ்கர் பாங் ஜூன் ஹோவுக்குப் போனது. சங்கம் சொன்னவரையே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாம் படி: நடிப்பு

நடிகர் சங்கமும் பாஃப்டாவும் ஒரே பெயரைச் சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பிரிந்தால்தான் சிக்கல்.

2019இல் எல்லோரும் கிளென் க்ளோஸ் என்றார்கள், நடிகர் சங்கமும் அவருக்கே கொடுத்தது. பாஃப்டா ஒலிவியா கோல்மனுக்குப் போனது, ஆஸ்கரும் அவருக்கே. 2021இல் மறைந்த சாட்விக் போஸ்மன் வாங்குவார் என்று நானும் மனசார எழுதினேன். பாஃப்டா வாங்கிய ஆன்டனி ஹாப்கின்ஸ் ஆஸ்கரையும் வாங்கினார். 2024இல் எம்மா ஸ்டோன், 2025இல் மைக்கி மாடிசன், இரண்டும் அதே கதை. 2016க்குப் பிறகு ஆஸ்கர் அகாதமி அமெரிக்காவுக்கு வெளியே இருந்து நிறைய உறுப்பினர்களைச் சேர்த்தது. பாஃப்டாவின் கை ஓங்கியதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023இல் பாஃப்டா சொன்ன நான்கு நடிகர்களில் ஒருவருக்குக்கூட ஆஸ்கர் கிடைக்கவில்லை. நடிகர் சங்கம் சொன்ன நால்வருக்கும் கிடைத்தது. அந்த வருஷம் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்கு அப்படி ஒரு அலை, நால்வரில் மூவர் அந்தப் படத்தவர்கள். அதனால் இரண்டும் பிரியும்போது, மற்ற பிரிவுகளிலும் எந்தப் படத்துக்கு அதிக ஆதரவு இருக்கிறது என்று பார்த்து அந்தப் படத்தின் நடிகரை எழுதுகிறேன். இதுவும் சில சமயம் தப்பும். 2023இல் பிரெண்டன் ஃபிரேசர் நடித்த படம் சிறந்த படத்துக்கான பட்டியலிலேயே இல்லை, ஆனாலும் அவர் ஜெயித்தார்.

நான்காம் படி: சிறந்த படம்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

2017இல் 'லா லா லேண்ட்' என்று எழுதினேன். 14 பரிந்துரை, தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், எல்லாம் அதன் பக்கம். மேடையில் அந்தப் பெயரையே படித்தார்கள், படக்குழு நன்றியும் சொல்ல ஆரம்பித்தது. அப்புறம்தான் உறை மாறிவிட்டது என்று தெரிந்து விருது 'மூன்லைட்' படத்துக்குப் போனது. உறை மாறியதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. அத்தனை பரிந்துரை வாங்கிய படம் எப்படித் தோற்றது என்ற கேள்வி எனக்குள் அடங்கவே இல்லை.

பதில் எண்ணும் முறையில் இருக்கிறது. மற்ற பிரிவுகளில் ஆளுக்கு ஒரு வாக்கு, அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார். சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவில் இருந்து வரிசை வாக்கு. பத்துப் படங்களையும் பிடித்த வரிசையில் எழுத வேண்டும். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளில் அடுத்து எழுதியிருக்கும் படத்துக்கு வாக்கை மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

படித்தபோது எனக்குப் புரியவில்லை. மன்றத்தில் செய்து பார்த்த பிறகுதான் புரிந்தது. நீங்களும் செய்து பாருங்கள். கேரம் போர்டின் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு சாப்பாட்டின் பெயர் வைத்தோம்: பிரியாணி, பரோட்டா, அத்தோ, இட்லி வடகறி. பன்னிரண்டு பேரும் நான்கையும் பிடித்த வரிசையில் சீட்டில் எழுதி, முதலிடம் கொடுத்த மூலையில் வைத்தோம். பிரியாணிக்கு 5, பரோட்டாவுக்கு 4, அத்தோவுக்கு 2, வடகறிக்கு 1. சாதாரண வாக்கு என்றால் பிரியாணி ஜெயித்தாயிற்று. ஆனால் வரிசை வாக்கில் 7 வேண்டும். வடகறி மூலையை மூடினோம். அந்த ஒரு சீட்டில் இரண்டாவதாகப் பரோட்டா இருந்தது. இப்போது 5, 5, 2. அத்தோ மூலையையும் மூடினோம். அந்த இரண்டு சீட்டிலும் பிரியாணி கடைசியில் இருந்தது. இரண்டும் பரோட்டா மூலைக்கு நகர்ந்தன. பரோட்டா 7, பிரியாணி 5.

பிரியாணிக்கு முதலிடம் கொடுத்தவர்கள்தான் அதிகம். ஆனால் அதை வேண்டாம் என்று கடைசியில் தள்ளியவர்களும் அதிகம். சீட்டு ஒவ்வொன்றாக நகர்வதைக் கண்ணால் பார்த்ததும் ஐந்து வருஷமாக இருந்த குழப்பம் தீர்ந்தது. அது 2022 பிப்ரவரி. அந்த வருஷம் 12 பரிந்துரையோடு 'தி பவர் ஆஃப் த டாக்' நின்றது. சிலர் கொண்டாடினார்கள், சிலரால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. காது கேளாத குடும்பத்தில் பிறந்த, காது கேட்கும் பெண்ணைப் பற்றிய 'கோடா' படத்துக்கு மூன்றே பரிந்துரை, ஆனால் அதைப் பிடிக்கவில்லை என்று சொன்ன ஆளை நான் பார்க்கவில்லை. 'கோடா' என்று எழுதினேன். ஜெயித்தது. சிறந்த இயக்குநர் விருது மட்டும் ஜேன் கேம்பியனுக்கு, 'தி பவர் ஆஃப் த டாக்' படத்துக்காக.

எனவே இங்கே பார்க்க வேண்டியது தயாரிப்பாளர் சங்க விருது. அவர்களும் இதே வரிசை முறையில்தான் எண்ணுகிறார்கள். 2010இல் இருந்து 2025 வரை அதுவும் ஆஸ்கரும் பிரிந்தது மூன்றே விழாக்களில்: 2016, 2017, 2020. அதில் 2016, 2020 இரண்டிலும் ஜெயித்த படம் நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதை வாங்கியிருந்தது. அகாதமியில் நடிகர்கள்தான் பெரிய பிரிவு. அந்தப் பத்தியையும் ஒரு முறை பாருங்கள்.

ஐந்தாம் படி: மற்றவை

ஒளிப்பதிவு, ஒப்பனை, ஒலி இதற்கெல்லாம் பாஃப்டாவோடு போங்கள்.

குறும்படங்களுக்கு மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2023இல் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. முதுமலை தெப்பக்காடு, பொம்மன், பெள்ளி, யானைக்குட்டிகள், நம் தமிழ் பேச்சு. நான் பார்க்காமலே வேறு பெயர் எழுதினேன். ஜெயித்த அன்று மாலைதான் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் வேறு எதையும் எழுதியிருக்க மாட்டேன்.

ஆறாம் படி: சீட்டைப் பூட்டுவது

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். எங்களில் ஒருவர் விருது அறிவித்த பிறகு மாற்றி, மன்றமே இரண்டாகப் பிரியப் பார்த்தது. கூகுள் ஃபார்ம் போடுங்கள். அனுப்பிய பிறகு திருத்தும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர் படிவத்தைக் காலை 5.30க்கு மூடும்படி வைத்தாராம், விழா 4.30க்கே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். 2024இல் விழா அதே நாளில் வந்தது, நமக்குத் திங்கள் காலை 4.30. 2025இல் மார்ச் 2ஆம் தேதியே நடந்ததால் 5.30. ஞாயிறு இரவே மூடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று: 2025 வரை 23 பிரிவுகள். 2026 விழாவில் இருந்து நடிகர் தேர்வுக்கும் விருது உண்டு என்பதால் 24. பழைய படிவத்தை நகல் எடுக்கிறவர்கள் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: நம் தேசிய விருதுக்கு இந்த முறை செல்லுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செல்லாது. அங்கே நடுவர் குழு படங்களைப் பார்த்து, பேசி முடிவெடுக்கிறது. ஆயிரக்கணக்கானவர் வாக்களிப்பதும் இல்லை, அதே ஆட்கள் முன்கூட்டியே வேறு விருதில் வாக்களித்துக் காட்டுவதும் இல்லை. நோட்டில் பத்தி போட எதுவும் கிடைக்காது.